சாமியிடம் எப்படிச் சண்டை போடுவது

‘நார்மல்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கல்யாணமாகி இரண்டாம் வருஷம், இன்னும் பிள்ளை இல்லையே என்று பேச்சு கிளம்பியபோது, என் வீட்டுக்காரர் ஒரு லேபில் விந்துப் பரிசோதனை செய்துகொண்டு வந்தார். எண்ணிக்கை சரி, ஓட்டம் சரி, உருவம் சரி, ஆக மொத்தம் நார்மல். தீர்ந்தது கதை. என் மாமியார் அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பூக்காரம்மாவிடம் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் சொன்னார், கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவரிடம்கூடச் சொன்னார். “எம்புள்ளைக்கு டெஸ்ட்டு எடுத்தாச்சுப்பா, எல்லாம் நார்மலு.” கேட்டவர்கள் அடுத்தபடியாக யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள்? பக்கத்து இலையில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்த என்னைத்தான்.

அவர் நார்மல் என்றால் கோளாறு என்னிடம்தானே இருக்க வேண்டும்? அதைக் கண்டுபிடிக்க ஊரே கிளம்பியது. கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். வயிற்றில் துளை போட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். தைராய்டு மாத்திரை கொடுத்தார்கள், நிறுத்தினார்கள், மறுபடி கொடுத்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாததற்கும் டாக்டர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், காரணம் தெரியாத குழந்தையின்மை என்று. அந்தப் பெயரும் என் ஃபைலில்தான் ஏறியது. கோயில்கள் தனி. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தை நான் சுற்றிய சுற்றில் அந்த மரத்துக்கே தலை சுற்றியிருக்கும்.

இத்தனைக்கும் என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவர் என்றால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இவர் என்ன சொன்னாலும் “சரிமா” என்பார். சொன்னதில் பாதியைச் செய்வார். மீதிப் பாதியைத் தானாக ஒன்று யோசித்து, யாரிடமும் சொல்லாமல் செய்வார். அந்த மீதிப் பாதிதான் எங்களைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளப் பார்த்தது.

அவருக்குச் சாயப்பட்டறை. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அடுப்பின்மேல் பெரிய கொப்பரை, அதில் கொதிக்கும் சாயம். பட்டு நூலைக் கழி கழியாகச் சுற்றிக் கம்பில் கோத்து அதில் தொங்கவிட்டு, நிறம் ஒரே சீராக ஏறும்வரை திருப்பிக்கொண்டே நிற்க வேண்டும். இடுப்பிலிருந்து முழங்கால்வரை அனல் அடிக்கும். காலையில் போனால் சாப்பாட்டு நேரம்வரை அப்படியே நிற்பார். வெளியே வரும்போது உள்ளங்கை ஒரு நாள் அரக்கு நிறத்தில் இருக்கும், இன்னொரு நாள் மாம்பழ மஞ்சளில். எனக்குக் கம்ப்யூட்டரில் புடவைக்கு டிசைன் போடும் வேலை. கரையோ முந்தியோ, எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக நிரப்பி முடித்துக் கொடுத்தால் அது தறிக்குப் போகும்.

முட்டையை வெளியே எடுத்து, விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கி, அதைத் திரும்ப வயிற்றில் வைக்கும் வைத்தியத்துக்குக் கடைசியில் போனோம். முதல் முறை வைத்த கரு ஒட்டவே இல்லை. அடுத்த வருஷம் மறுபடி முயன்றோம். இரண்டு தடவையும் ஊசி ஆரம்பிப்பதற்கு வெகு முன்பே அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். “நீ நல்லா காலை நீட்டித் தூங்குமா” என்றார். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். ஊசி போட்டுப் போட்டு வயிறெல்லாம் நீலம் பாரித்துப் போயிருந்தது, உடம்பு ஊதியிருந்தது. என்னைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

இரண்டாவது முறை ஒட்டியது. ஸ்கேனில் துடிப்பைக்கூடப் பார்த்தேன். ஆடி மாதம், தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் அன்று, வாசலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்கும்போது அது கலைந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மாமியார் ரசம் சாதம் பிசைந்து எடுத்துவந்தார். நல்ல மனசோடுதான் வந்தார். “எம்புள்ள போச்சேன்னு அழாதடி. அது புள்ளயே இல்ல, ஆரம்பத்துலயே போயிட்டது. அத புள்ளன்னு சொல்லிக்கினு இருந்தா மனசு தாங்காது” என்றார். வீட்டில் யாரும் அதற்கப்புறம் அதைப் பிள்ளை என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் சொல்லவே இல்லை. மறுநாளே பட்டறைக்குப் போய்விட்டார்.

ஆவணியில் டிசைன் ஆபீஸில் ஒரு பெண் சொன்னாள் என்று சென்னையில் வேறொரு டாக்டரிடம் போனோம். வேகமாகப் பேசும் அம்மா. என் ஃபைலைப் புரட்டினார், மூடினார், அவரைப் பார்த்தார்.

“இவருக்கு டி.என்.ஏ டேமேஜ் டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?”

“அவருக்கு எல்லாம் நார்மல் மேடம்” என்றேன். மாமியார் எப்போது என் வாய்க்குள் புகுந்தார் என்று தெரியவில்லை.

“நார்மல்தான். எண்ணிக்கையும் ஓட்டமும் வெளியில இருந்து பாக்குறது. உள்ள இருக்கிற டி.என்.ஏ முழுசா இருக்கா, உடைஞ்சிருக்கான்னு அந்த டெஸ்ட்ல தெரியாதும்மா. அதுக்குத் தனி டெஸ்ட்.”

எடுத்தோம். உடைசல் அதிகம் என்று வந்தது. இத்தனை வருஷம் என்னைக் குடைந்து குடைந்து பார்த்தார்களே, அவருடைய அணுவுக்குள்ளே ஒருவராவது எட்டிப் பார்த்தார்களா? எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “உடைஞ்ச டி.என்.ஏ இருக்கிற அணுவும் நல்லாத்தான் நீந்தும். முட்டைக்குள்ள போகும், கருவும் ஆகும். முதல் ரெண்டு மூணு நாள் முட்டையோட பலத்துல வளர்ந்துடும். அதுக்கப்புறம் அப்பாவோட டி.என்.ஏ வேலைக்கு வரணும். அங்கதான் சில கரு தடுமாறும். ஒட்டாம போகலாம், ஒட்டிட்டுக் கலையலாம். கட்டாயம் அப்படித்தான் ஆகும்னு சொல்ல மாட்டேன். இது இருந்தும் பெத்தவங்க இருக்காங்க. ஆனா உங்க கதையில இதைப் பாக்காம விடக் கூடாது.”

எனக்கு அது உடனே புரிந்தது. கம்ப்யூட்டரில் பூவின் ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பிவிட்டால், அந்தத் தப்பு ஒவ்வொரு பூவிலும் திரும்பத் திரும்ப வரும். தறியை எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் ஒன்றும் செய்ய முடியாது. “அதைச் சரி பண்ண முடியாதா மேடம்?” என்று கேட்டேன்.

“முட்டையே கொஞ்சம் சரி பண்ணிக்கும். அதுக்கு அந்தச் சக்தி உண்டு. வயசு ஏற ஏற அது குறையும்.”

ஆக, அவருடைய ரிப்பேர் வேலையும் என் தலையில்தான்! இத்தனை வருஷமாக என் முட்டைகள் மாங்கு மாங்கென்று அவருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்திருக்கின்றன, கெட்ட பெயர் மட்டும் எனக்கு. இதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். டாக்டர் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் சுவரில் ஒட்டியிருந்த குண்டுக் குழந்தையின் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய வேலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கொப்பரை அனல் ஆகாது, வாயில் அடக்கும் புகையிலை ஆகாது, இறுக்கமான ஜீன்ஸ் ஆகாது என்றார். புது அணுக்கள் உருவாகி வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகுமாம். இன்றைக்கு நிறுத்தினால் கார்த்திகையில்தான் பலன் தெரியும். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார். “உங்க முட்டை இருப்பு குறைஞ்சுக்கிட்டே வருதும்மா. உங்க சொந்த முட்டையில பண்றதுக்கு அநேகமா இதுதான் கடைசி வாய்ப்பு.”

அது எனக்குக் காதில் விழுந்த பிறகு வேறெதுவும் சரியாக விழவில்லை. ஆனாலும் டாக்டர் கடைசியாகச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் அதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. “முக்கியமான விஷயம் சார். ரொம்ப நாள் சேர்த்து வைக்கக் கூடாது. உள்ளேயே தேங்கினா டேமேஜ் கூடும். ஊசி ஆரம்பிச்சதுல இருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது வெளியேறணும். முட்டை எடுக்கிறதுக்கு முந்தின நாளும்தான். புரியுதா?”

“சரிங்க மேடம்” என்றார் இவர், குண்டுக் குழந்தையிடம்.

பஸ் ஏறித் திரும்பினோம். ஊர் நெருங்கும்போது அவர் மெதுவாக, “எங்கப்பா இதே கொப்பரை முன்னால நின்னுதான் அஞ்சு பேர பெத்தாரு” என்றார்.

“உங்கப்பா பெத்தாரு, சரி. நீங்க பெறணுமே!” என்றேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

வீட்டில் மாமியார் ஒரு ஆட்டம் ஆடினார். “உடைஞ்சிருக்குதா? இன்னாடி உடைஞ்சிருக்குது, அது இன்னா கண்ணாடி வளையலா? நார்மல்னு போட்டுக் குடுத்தாங்களே! அந்த டாக்டரு பொம்பளதான? ஆம்பள சமாச்சாரம் அவங்களுக்கு இன்னா தெரியும்?” பூக்காரம்மாவிடம் மட்டும் இந்தப் புது ரிப்போர்ட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. தெருவைப் பொறுத்தவரை இன்றுவரை அவர் நார்மல்தான்.

ஆனால் என் வீட்டுக்காரர் கேட்டார், அதையும் சொல்ல வேண்டும். கொப்பரையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நூல் வாங்குவது, சாயம் ஏறியதைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று வெளிவேலைக்கு மாறினார். புகையிலைப் பொட்டலத்தைத் தூக்கி எறிந்தார். ஜீன்ஸ் போய் வேட்டி வந்தது. உள்ளங்கை நிறம் வெளுத்து முதல் முறையாக மனுஷன் கை மாதிரி ஆனது. சாப்பிடும்போது அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பரவாயில்லையே, மனுஷன் தேறிவிட்டாரே என்று நானும் அசந்துவிட்டேன்.

கார்த்திகை பிறந்தது. அன்றைக்குக் காலையில் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று போனவர், கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மணி மாலையுமாக வந்து நின்றார். மலைக்குப் போக மாலை போட்டுக்கொண்டாராம்! மாமியார் ஓடிவந்து மகன் காலில் விழுந்தார். “சாமி சரணம்” என்றார் இவர். மாலை போட்டால் ஒரு மண்டலம் விரதம். அதில் பெண்டாட்டி பக்கத்தில்கூட வரக் கூடாது. டாக்டர் சொன்னது என்ன, இவர் செய்துகொண்டு வந்து நிற்பது என்ன!

கத்தலாம் என்றால் கத்தவும் முடியாது. மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, ‘சாமி’ என்றுதான் சொல்ல வேண்டும். கோபமாகப் பேசக் கூடாது. எதிர்த்துப் பேசினால் அது புருஷனை எதிர்ப்பது ஆகாது, ஐயப்பனை எதிர்ப்பதாகிவிடும். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் சூடம் கொளுத்திவிட்டார். “ஏன் சாமி, ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா சாமி?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவர் விபூதியை எடுத்து என் நெற்றியில் இட்டார்.

நாலைந்து நாளில் எனக்கு மாதவிலக்கு வந்தது. அங்கேதான் கூத்து உச்சத்துக்குப் போனது. எங்கள் வைத்தியத்தில் அந்த இரண்டாம் நாள்தான் ஊசி ஆரம்பம். ஆனால் மாலை போட்டிருக்கும் வீட்டில் தூரமான பெண் இருக்கக் கூடாது. மாமியார் துணிப் பையைக் கையில் கொடுத்து என்னைச் செவிலிமேட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிள்ளை வேண்டும் என்று வைத்தியம் ஆரம்பிக்கிற அன்றைக்கு, பெண்டாட்டி ஊரின் ஒரு கோடியில், புருஷன் இன்னொரு கோடியில். இதைவிட லட்சணமாக யாராவது ஏற்பாடு செய்ய முடியுமா?

ஊசி மருந்தை ஐஸ் டப்பாவில் வைத்து அவரே கொண்டுவந்தார். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றார். நான் நிலைப்படியில். நடுவில் டப்பா.

“உள்ள வாங்க சாமி, பேசணும்.”

“வரக் கூடாதும்மா. நீ தூரம்.”

“அப்ப இங்கயே கேக்கறேன். டாக்டர் இன்னா சொன்னாங்க? சேர்த்து வைக்காதீங்கன்னு சொன்னாங்களா இல்லயா?” எதிர் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்தினார். நான் குரலை இறக்கினேன். “காதுல விழுந்துச்சா சாமி?”

“விழுந்துச்சு. அது சும்மா இருக்கிறவங்களுக்கு சொல்றதுமா. விரதம் வேற. கட்டுப்பாடா இருந்தா பலம் ஏறும். முதல் ஆஸ்பத்திரியில நர்ஸு இன்னா சொன்னாங்க? டெஸ்ட்டுக்கு முன்ன மூணு நாலு நாள் இருந்துட்டு வாங்கன்னு சொன்னாங்கல்ல? நாலு நாளுக்கே நல்லதுன்னா ஒரு மண்டலத்துக்கு எவ்ளோ நல்லது!”

“அப்ப முட்டை எடுக்கிற அன்னிக்கு எப்படிக் குடுப்பீங்க? விரதம் போயிடாதா?”

“அது டப்பாவுலதான குடுக்கறோம்” என்றார் வெகு தீவிரமாக. “பொம்பள சம்பந்தம் இல்லயே.”

அடக் கடவுளே. அப்போதுதான் எனக்கு ஏதோ பொறி தட்டியது. “இருங்க. முன்ன ரெண்டு தடவையும் கூடத்துல போய்ப் படுத்தீங்களே, அது எதுக்கு?”

அவர் வண்டிச் சாவியைத் திருகினார்.

“அப்பவும் விரதமா?”

“மாலை போடலம்மா. மனசுக்குள்ள வேண்டிக்கினு இருந்தேன். ஒரு மண்டலம். வெளிய சொன்னா பலன் போயிடும்.”

“டி.என்.ஏ டெஸ்ட்டுக்கு முன்னயும்?”

“ம்.”

“எத்தனை நாள் சேர்த்து வச்சிருக்கீங்கன்னு லேப்ல கேட்டப்ப நாலுன்னு சொன்னீங்களே!”

“எல்லாரும் நாலுன்னுதானம்மா சொல்லுவாங்க.”

நான் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா, ஐஸ் டப்பாவைத் தூக்கி அவர் தலையில் போடுவதா என்று தெரியவில்லை. வருஷக்கணக்காக அந்தக் கூடத்துப் பாயைப் பார்த்துப் பார்த்து நான் என்னென்ன நினைத்தேன்! என் உடம்பைப் பிடிக்கவில்லை, வேறு யாரையோ நினைக்கிறார், மாமியார் ஏதோ சொல்லிக் கொடுத்துவிட்டார். தலையணை நனைய அழுதிருக்கிறேன். அவரோ சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு எனக்காகச் சேமித்துக்கொண்டிருந்திருக்கிறார்! அனலில் பாதி கெட்டதை, தேக்கி வைத்து மீதியும் கெடுத்து, பக்தியோடு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இந்த மனுஷனை நான் எங்கே கொண்டுபோய்ச் சொல்லி அழுவது?

“மாலையைக் கழட்டுங்க சாமி” என்றேன்.

அவர் இரண்டு கையாலும் மாலையைப் பிடித்துக்கொண்டார். “பாதியில கழட்டினா சாமி குத்தம்மா. அப்பால ஏதாவது ஆச்சுன்னா?” அவர் குரல் நடுங்கியதைக் கேட்டபோது எனக்குப் புரிந்தது. வீம்பு இல்லை அது, பயம். இந்தத் தடவையும் போய்விட்டால் தன்னால்தான் போனது என்று ஆகிவிடுமே என்ற பயம். எனக்கும் அதே பயம்தான். ஆனால் என்னுடைய பயத்துக்கு ஒரு வாரம்தான் தவணை இருந்தது.

தலைக்குக் குளித்த அன்றே அவரை வண்டியை எடுக்கச் சொல்லி, ஏனாத்தூரில் இருக்கும் குருசாமியின் வீட்டுக்குப் போனேன். மாலை போட்டுவிட்டவர் அவர்தான், கழற்ற வேண்டுமென்றாலும் அவர்தான் கழற்ற வேண்டும். வயசானவர், நல்ல சுபாவம். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. “குழந்தைக்கு வைத்தியம் நடக்குது சாமி. இவரு மாலையோட இருந்தா அது நடக்காது” என்றேன். குருசாமிக்கு விளங்கிவிட்டது. சட்டென்று தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் ஒருத்திதான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குருசாமி சொன்னார்: “எனக்குத் தெரிஞ்ச முறைய சொல்றேம்மா. வீட்டுல சாவு விழுந்தா மாலையைக் கழட்டிடலாம், தீட்டு. அதுக்கு இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு பொறக்கணும்னு ஒருத்தரு கழட்டி நான் பாத்ததில்ல.”

“சாவு விழுந்துச்சு சாமி” என்றேன்.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

“ஆடியில விழுந்துச்சு. கூழ் ஊத்தின அன்னிக்கு. துடிச்சுக்கினு இருந்தத நான் கண்ணால பாத்தேன். எங்க வீட்டுல யாருக்கும் அது சாவாவே தெரியல. யாரும் தலை முழுகல, யாரும் தீட்டுன்னு சொல்லல. எனக்கு மட்டும் இன்னும் அந்தத் தீட்டு கழியல சாமி. இப்ப அதுக்காகக் கழட்டுங்க. இல்லன்னா இன்னொண்ணும் விழும், அப்ப வந்து கழட்டச் சொல்றேன்.” கடைசியில் குரல் உடைந்து கத்திவிட்டேன். மாலை போட்ட இரண்டு சாமிகள் முன்னால், பூஜை அறையில், அப்படி ஒரு கத்து.

என் வீட்டுக்காரர் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பிறகு குருசாமி எழுந்தார். “இப்படி வாங்க சாமி” என்று அவரைக் கூப்பிட்டு, சரணம் சொல்லி, மாலையைக் கழற்றி, ஐயப்பன் படத்தில் மாட்டினார். “இங்கயே இருக்கட்டும். என்னிக்கு வேணும்னாலும் வந்து போட்டுக்கலாம். சாமி எங்கயும் போயிட மாட்டாரு” என்றார். என்னைப் பார்த்து, “நீ வூட்டுக்குப் போய் சாப்புடும்மா” என்றார்.

வெறுங்கழுத்தோடு வந்த மகனைப் பார்த்து மாமியார் பதறிப்போனார். “இன்னாடா, மாலை எங்க?”

“தீட்டும்மா. கழட்டிட்டாரு.”

“தீட்டா? யாருடா செத்தது?”

அவர் கூடத்திலிருந்த பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அதற்கப்புறம் டாக்டர் சொன்ன முறைப்படி எல்லாம் நடந்தது. கூடத்தில் மாமியார் இருமிக்கொண்டிருக்க, ரயில் டைம்டேபிள் போலக் குடும்பம் நடத்துவது எவ்வளவு அவஸ்தை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஒரு தடவை பழக்க தோஷத்தில் “நகருங்க சாமி” என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

முட்டை கொஞ்சம்தான் கிடைத்தது. கரு இரண்டுதான் தேறியது. அதில் ஒன்றை வைத்தார்கள். ஒட்டியது. ஆடி மாதம் முழுவதும் நான் கூழ் ஊற்றும் தெருப் பக்கமே போகவில்லை. ஆவணியில் பெண் பிறந்தாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனபோது, மாலையைக் கழற்றியதால்தானே என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. “அதனாலயா, கொப்பரையை விட்டதாலயா, இல்ல இந்தத் தடவை தானா அமைஞ்சுதான்னு என்னால சொல்ல முடியாதும்மா” என்றார். அப்படியானால் ஆடியில் போனது? “அதுவும் தெரியாது.” இவ்வளவு படித்தவர் இரண்டு கேள்விக்கும் தெரியாது என்கிறார். மாமியாருக்கோ எல்லாம் தெரிந்திருக்கிறது. பூக்காரம்மாவிடமும் ரேஷன் கடையிலும் அவர் சொல்லிக்கொண்டிருப்பது இதுதான்: “மாலை போட்டு வாங்கின புள்ள! எம்புள்ள விரதம் வீண் போவல.” கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருக்கும். அந்த விரதத்தை உடைக்க நான் பட்ட பாடு எனக்கும் குருசாமிக்கும்தான் தெரியும். குருசாமியோ என்னைக் கண்டாலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு பேசுகிறவராகிவிட்டார்.

இந்த வருஷம் கார்த்திகை பிறப்பதற்கு முந்தின நாள். குழந்தைக்கு ஒரு வயசு தாண்டி, தத்தித் தத்தி நடக்கப் பழகியிருந்தாள். அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்து, “மாலை போட்டுக்கட்டுமாம்மா?” என்று கேட்டார். கேட்டார்! நானோ சண்டைக்குத் தயாராகிவிட்டேன்.

“எதுக்கு வேண்டிக்கினு போறீங்க? அடுத்த புள்ளைக்கா?”

“சொல்லக் கூடாதும்மா.”

“சொல்லணும். சொல்லாம வேண்டிக்கினு நீங்க பண்ணினதெல்லாம் போதும். இந்த வூட்டுல இனிமே எல்லா வேண்டுதலும் எங்கிட்ட சொல்லிட்டுத்தான்.”

அவர் குழந்தையைப் பார்த்தார். அவள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நின்றாள். விழாமல் ஒரு கையால் அணைத்துக்கொண்டு சொன்னார்:

“ஆடியில போச்சே, அந்தப் புள்ளைக்கு.”

மறுநாள் அவர் ஏனாத்தூர் போய்த் திரும்புவதற்குள், கூடத்தில் அவருடைய பாயை நானே விரித்து வைத்தேன்.